ஈச்சன்விளையில் கூடிய பன்னாட்டுப் பால் சமத்துவ மாநாடு

ஈச்சன்விளைக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அவர்களிடம் உள்ள ஒரே தொந்தரவு அதுதான். பஸ் கண்டக்டர் "உள்ள போங்க, உள்ள போங்க" என்றால் டிரைவர் மடி வரைக்கும் போய்விடுவார்கள். "நாக்கை நீட்டுங்க" என்ற டாக்டர் அதை உள்ளே வைக்கச் சொல்ல மறந்துவிட்டால், வீடு வரும் வழியெல்லாம் நாக்கு வெளியே தொங்கும். எதிரே வருகிற ஈச்சன்விளைக்காரரும் மரியாதைக்குத் தன் நாக்கை நீட்டிவிட்டுத்தான் போவார்.

அந்த ஊர்ப் பால் சொசைட்டிக்கு ஞானசிகாமணி தலைவர், தாணுலிங்கம் செயலாளர், ஏசுவடியாள் பொருளாளர். சொசைட்டிக்குப் பின்னால் மேடையோடு ஒரு பெரிய கூடம் இருந்தது. கட்டிக் கொடுத்த இன்ஜினியர் "பத்திரமா வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனதால், அதைத் திறக்காமலே வைத்திருந்தார்கள்.

அந்தக் கூடத்துக்கு யோகம் கார்குழலி மூலமாக வந்தது. கார்குழலி மதுரையைச் சேர்ந்த திருநங்கை. பல நாட்டிலிருந்தும் ஆட்களை அழைத்து நாகர்கோவிலில் ஒரு மாநாடு நடத்த ஏற்பாடு செய்திருந்தார். விருந்தாளிகள் விமானம் ஏறிய பிறகு, வருகிறவர்கள் யார் யார் என்பது மண்டபக்காரருக்குத் தெரிந்துவிட்டது. உடனே மண்டபத்துக்கு வெள்ளையடிக்கப் போவதாகச் சொன்னார். அடுத்த மண்டபத்தில் அன்றைக்குப் பார்த்துக் குழாய் உடைந்தது. மூன்றாவது மண்டபத்தில் போனை எடுத்தவர், தான் போனை எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கடைசியாக யாரோ கொடுத்த நம்பரில் கார்குழலி கூப்பிட, ஞானசிகாமணி எடுத்தார்.

"அண்ணாச்சி, பன்னாட்டுப் பால் சமத்துவ மாநாடு நடத்தணும். உங்க கூடம் கிடைக்குமா? என்ன மாநாடுன்னு முதல்லயே சொல்லிடறேன். கேட்ட பிறகு எல்லாரும் மாட்டேங்கிறாங்க."

ஞானசிகாமணி போனோடு எழுந்து நின்றுவிட்டார். "பாலுக்கு இடம் இல்லன்னு சொன்னாங்களா? நீங்க வாங்க மேடம். இது பாலுக்குன்னே உள்ள சொசைட்டி."

கார்குழலிக்கு அழுகை வந்துவிட்டது. இப்படி ஒரு ஊர் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டு, செய்ய வேண்டியதையெல்லாம் போனிலேயே சொன்னார். எந்தப் பாலும் விடுபடக் கூடாது, எல்லாப் பாலும் ஒரே மேடையில் சமமாக உட்கார வேண்டும். மூன்றாம் பால் என்று சொல்லி ஓரமாக ஒதுக்குகிறார்களே, அதற்குத்தான் முதல் மரியாதை. கழிப்பறையில் ஆண், பெண் என்று எழுதியிருக்கும் பலகையை எடுத்துவிட வேண்டும். வாசலில் வானவில் இருக்க வேண்டும்.

போனை வைத்ததும் மூவரும் கூடிப் பேசினார்கள்.

"எல்லாப் பாலும் மேடையில உக்காரணுமாம்," என்றார் ஞானசிகாமணி. "பால் எப்படி வே உக்காரும்? சட்டியில வச்சாலும் அது நிக்கத்தான் செய்யும்."

தாணுலிங்கம் யோசித்தார். "பாலைத் தனியா கூப்பிட்டா மரியாதை இல்ல. கல்யாணத்துக்குப் பிள்ளையை மட்டும் வரச் சொல்லிட்டுத் தாயாரை விட்டுருவோமா? பால் குடுக்கிறவங்களையும் கூட்டிட்டு வரணும்."

அதன்படி பசு, எருமை, வெள்ளாடு மூன்றையும் அழைப்பது என்று முடிவானது. எந்தப் பாலும் விடுபடக் கூடாது என்று மேடம் அழுத்திச் சொன்னதால் கழுதையைத் தேடிப் பக்கத்து ஊருக்கு ஆள் போனது. அங்கே செங்கல் சூளையில் ஒரு கழுதை கிடைத்தது. பன்னாட்டு மாநாடு என்றதும் சூளைக்காரர் அதைக் குளிப்பாட்டியே அனுப்பினார்.

அடுத்து மூன்றாம் பால். அதைப் பற்றி ஏசுவடியாளுக்குத்தான் தெரியும். பாயசத்துக்குத் தேங்காய் பிழிகிற கை அவளுடையது.

"அந்த மேடம் சொன்னது நெசம்," என்றாள். "தேங்காயில முதல் தடவை பிழிஞ்சா முதல் பால், அடுத்தது ரெண்டாம் பால், கடைசியா வாறது மூணாம் பால். பாயசத்துல அரிசியும் பருப்பும் வேகிறது பூரா மூணாம் பால்லதான். கடைசியில முதல் பாலை ஒரு கரண்டி விட்டு இறக்குவோம். பேரு அதுக்குப் போயிரும். மூணாம் பால் நல்லாருக்குன்னு இதுவரைக்கும் ஒரு வாய் சொல்லிக் கேட்டதில்ல."

முன்பு சாப்பிட்ட பாயசமெல்லாம் ஞானசிகாமணியின் மனசை உறுத்தியது. முடிவில், மாநாட்டுக்கு முதல் பாலையும் இரண்டாம் பாலையும் கொட்டிவிட்டு மூன்றாம் பால் மட்டுமே பரிமாறுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

கழிப்பறை வேலை சுலபமாக முடிந்தது. ஆண், பெண் என்று எழுதியிருந்தது கதவுப் பலகையிலேயேதான். இரண்டு கதவையும் கழற்றி மாட்டுத் தொழுவத்தில் சாத்தி வைத்தார்கள்.

வானவில்தான் சிரமம் கொடுத்தது. கடையில் கேட்டால் கொடி இருக்கிறது, தோரணம் இருக்கிறது என்றார்கள். தாணுலிங்கம் ஏமாறவில்லை. "மேடம் கேட்டது வானவில். துணி கேக்கல," என்று திரும்பிவிட்டார். பிறகு மாடு கழுவும் ஹோஸ் குழாயை எடுத்துக்கொண்டு, காலை வெயிலுக்கு முதுகைக் காட்டி, வாசல் வளைவின் மேல் ஏறி நின்று தண்ணீரைப் பீய்ச்சினார். அசல் வானவில் வந்தது.

மாநாட்டு அன்று பஸ் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் உருகுவே நாட்டு எஸ்தபான். வயதான மனிதர், கோட்டும் டையும் கட்டியிருந்தார். வாசலில் வானவில்லைப் பார்த்ததும் கையைக் கூப்பினார். அடுத்த அடியில் தலை முதல் கால் வரை நனைந்தார். அவருக்குப் பின்னால் வந்த எல்லோரும் நனைந்தார்கள். தாணுலிங்கம் ஒருவரையும் விடவில்லை. விடுபடக் கூடாது என்பது உத்தரவு. இது இந்த ஊர் வரவேற்பு முறை போலும் என்று எஸ்தபான் மறுபடியும் வெளியே போய் இன்னொரு தரம் நனைந்துவிட்டு வந்தார்.

கார்குழலி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மேடையில் பசு, எருமை, வெள்ளாடு, கழுதை நான்கும் கழுத்தில் மாலையோடு இருந்தன. எல்லாம் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக வெள்ளாட்டை மட்டும் ஒரு மேசை மேல் ஏற்றியிருந்தார்கள்.

கார்குழலிக்கு முதலில் தோன்றியது, நம்மைக் கேலி செய்கிறார்கள் என்பதுதான். அப்படிச் செய்தவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். ஆனால் ஞானசிகாமணி புதுச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, கண் கலங்கி நின்றிருந்தார். கேலி செய்கிறவர்களுக்கு அந்த முகம் வராது.

"அண்ணாச்சி," என்றார் கார்குழலி மெதுவாக. "இந்தப் பால் அந்தப் பால் இல்ல."

"வேற எந்தப் பால் மேடம்?"

"ஆண்பால், பெண்பால்."

ஞானசிகாமணி தலையைச் சொறிந்தார்.

"மேடம், பால் குடிச்சு வளந்த காலத்துல இருந்து இந்தத் தொழில்ல இருக்கேன். காளையை யாரும் கறந்து நான் பாத்ததில்ல."

கார்குழலி அவர்களை உட்காரவைத்து விளக்கமாகச் சொன்னார். பிறந்தபோது ஆண் என்று எழுதப்பட்டு, பெண்ணாக வாழ்கிற தன்னைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். பெண் என்று எழுதப்பட்டு, ஆணாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். எஸ்தபானும் அவர் துணைவரும் அப்படித்தான், முப்பது வருஷமாக. இவர்களையெல்லாம் மற்ற மனிதர்களைப் போல நடத்த வேண்டும் என்று பேசுகிற மாநாடுதான் இது.

"அப்போ எழுதினவங்க தப்பா எழுதிட்டாங்களா?" என்று கேட்டார் தாணுலிங்கம்.

"அப்படித்தான் வச்சுக்குங்க."

"எங்க சொசைட்டியிலயும் அது உண்டு மேடம். ஒருக்கா எருமைப்பாலைப் பசும்பால்னு எழுதிப்புட்டோம். மாவட்ட ஆபீஸ்ல திருத்தித் தாங்கன்னு கேட்டா, எருமையைக் கூட்டிட்டு வாங்கன்னுட்டாங்க. கூட்டிட்டுப் போனோம். இது எருமைதான்னு சர்ட்டிபிகேட் கேட்டாங்க."

"எங்ககிட்டயும் அதையேதான் கேக்குறாங்க," என்றார் கார்குழலி.

"கொஞ்சம் இருங்க மேடம். நாங்க கூடிப் பேசிட்டு வாறோம்," என்று மூவரும் கூடத்துக்கு வெளியே போனார்கள்.

கார்குழலி எழுந்து நின்றார். வெள்ளையடிப்பு, உடைந்த குழாய் எல்லாம் ஞாபகம் வந்தது. நனைந்த உடையோடு உட்கார்ந்திருந்த விருந்தாளிகளைப் பார்த்தார். திரும்பவும் பஸ்ஸில் ஏற்ற வேண்டியதுதான் என்று கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வெளியே மூவரும் வெகுநேரம் பேசினார்கள். ஒரு கட்டத்தில் ஏசுவடியாள் குரல் உயர்ந்தது. பிறகு மூவரும் வரிசையாக உள்ளே வந்தார்கள்.

"மேடம், மன்னிக்கணும்," என்றார் ஞானசிகாமணி. "மத்தது எதுன்னாலும் நீங்க சொல்றபடி கேப்போம். ஆனா கழுதையை இறக்க மாட்டோம்."

"கழுதையையா?"

"மாலை போட்டுட்டோம்லா. மாலை போட்டு மேடையில ஏத்தினவங்களைப் பாதியில இறக்குறது எங்க ஊர்ல கிடையாது. எருமையும் மனசுல வச்சுக்கும்."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"வேற என்ன மேடம்? பாயசம் சூடு ஆறுது. சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லது."

கார்குழலி கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, வயிறு வலிக்கும் வரை சிரித்தார்.

மாநாடு ஆரம்பமானது. எஸ்தபான் கழுதைக்கும் எருமைக்கும் நடுவில் நின்று, வாலிபத்தில் சொந்த ஊரிலேயே தன்னை ஒரு கூட்டத்திலும் உட்கார விடவில்லை என்பதைச் சொன்னார். கார்குழலி தமிழில் சொல்லச் சொல்ல, ஏசுவடியாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொருவராகப் பேசினார்கள். கழுதையும் இடையில் பேசியது. கொடுத்த நேரத்துக்குள் முடித்தது அது ஒன்றுதான்.

மூன்றாம் பால் பாயசம் தண்ணீராக ஓடியது. அதற்கு முதல் மரியாதை என்று சொல்லியிருந்ததால் எல்லோரும் எழுந்து நின்று குடித்தார்கள். கழிப்பறைக்குப் போகிறவர்கள் தொழுவத்திலிருந்து ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு போய், பிடித்துக்கொள்ள ஒரு துணையையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அதில் பல நாட்டுக்காரர்கள் நெருங்கிய சிநேகிதர்கள் ஆனார்கள்.

மறுநாள் காலையில் பேரணி. கூடத்தில் கிளம்பி, ரோடு வழியாகச் சந்தை முக்குக்குப் போய், டீ குடித்துவிட்டுக் கலைவது என்று ஏற்பாடு. பேனரைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகும் கௌரவத்தைச் சொசைட்டியின் மூவருக்கும் கொடுத்தார்கள்.

கார்குழலி அவர்களிடம் சொன்னார்: "யார் தடுத்தாலும் நிக்கக் கூடாது. என்ன வந்தாலும் பின்வாங்கக் கூடாது. நேரா போய்க்கிட்டே இருக்கணும்."

பேரணி கம்பீரமாகக் கிளம்பியது. கழுதையும் மாலையோடு கூட வந்தது. ஊர் எல்லையில் ரோடு இடது பக்கம் வளைகிறது. பேனர் வளையவில்லை. நேராக வாழைத்தோட்டத்துக்குள் இறங்கியது. வளைவில் ஒழுங்காகத் திரும்பியது கழுதை மட்டும்தான். விருந்தாளிகள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கழுதைக்குப் பின்னால் போனார்கள். எல்லோரும் சந்தை முக்குக்கு வந்து டீ குடித்தார்கள். கோஷம் போடுகிற மும்முரத்தில் இருந்த கார்குழலி, டீ டம்ளரை எண்ணும்போதுதான் பேனர் இல்லாததைக் கவனித்தார்.

பேனர் அதற்குள் வாழைத்தோட்டத்தைத் தாண்டியிருந்தது. வழியில் ஒரு சலூன் இருந்தது. முன்வாசலில் நுழைந்து, முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்தவருக்கு வணக்கம் சொல்லி, பின்வாசல் வழியாக வெளியேறினார்கள். ஒரு வீட்டில் பெண் பார்க்கும் நிகழ்ச்சி. மாப்பிள்ளை வீட்டாருக்கும் பெண் வீட்டாருக்கும் நடுவே பேனர் போனது. தாணுலிங்கம் போகிற போக்கில் ஒரு வடையை எடுத்துக்கொண்டு, பெண்ணிடம், "மக்கா, உனக்குப் பிடிச்சாத்தான் சரின்னு சொல்லணும், என்ன?" என்றார். நேற்று யாரோ ஒரு நாட்டுக்காரர் மேடையில் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது. பெண் உடனே பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் அங்கே என்ன நடந்தது என்று தெரியாது, அவர்கள் நிற்கவில்லை.

மத்தியானம் கார்குழலியின் போன் அடித்தது. ஏசுவடியாள் பேசினாள்.

"மேடம், எதிர்ல கடல் வந்துட்டு."

"கடலா? நில்லுங்க, நில்லுங்க. திரும்பி வந்துடுங்க."

"நிக்கக் கூடாதுன்னு சொன்னீங்கள்லா. திரும்பினா பின்வாங்கினதா ஆயிரும்னு தலைவர் சொல்லுதாரு. இப்போ இடுப்பளவு தண்ணியில இருக்கோம். பேனர் நனையல."

"அக்கா, நான் சொல்றதக் கேளுங்க. பேரணி முடிஞ்சு போச்சு."

போனில் காற்றும் இரைச்சலும் கேட்டது. மூவரும் கலந்து பேசுவது தெரிந்தது. பிறகு ஞானசிகாமணி போனை வாங்கினார்.

"மேடம், முடிஞ்சதுன்னா யாரு ஜெயிச்சா?"

கார்குழலி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் அண்ணாச்சி. நாமதான்."

"நாங்களும் அப்படித்தான் நினைக்கோம். காலையில இருந்து நாங்க ஒரு அடி பின்வாங்கல. கடல்தான் இப்போ பின்வாங்குது. கண்ணால பாத்துட்டு இருக்கேன். வெற்றின்னு அறிவிச்சிரலாமா?"

"அறிவிச்சிட்டு உடனே கரைக்கு வாங்க," என்றார் கார்குழலி. அவர்களைக் கூட்டிவர வேனையும் அனுப்பினார்.

வேன் டிரைவர் போய்ச் சேர்ந்தபோது மூவரும் தண்ணீரில் பேனரை உயர்த்திப் பிடித்து நின்றார்கள். ஞானசிகாமணி தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கடல் பின்வாங்கிவிட்டதாகப் பொதுமக்களுக்குத் தெரிவிக்கத் தொடங்கினார். பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அலை வந்து மூவர் தலைக்கு மேலும் போனது. அவர் வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, அறிவிப்பை வாபஸ் வாங்கினார். கொஞ்ச நேரத்தில் கடல் மறுபடியும் பின்வாங்கியது. அவர் மறுபடியும் முதலிலிருந்து அறிவிக்க ஆரம்பித்தார். டிரைவர் வேனை அணைத்துவிட்டு, மணலில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார்.