விடிவெள்ளி பிந்திய காரணம்

புன்னைத்துறைக் கரையில் படகு எஞ்சின் பார்க்கும் ரெமிஜியுஸ் ஆசானுக்கு வயது முப்பத்தாறு. அவரிடம் தொழில் படிக்கும் தஸ்நேவிஸுக்கு ஐம்பத்துமூன்று. ஆசான் சீடரை 'அண்ணாச்சி' என்பார், சீடர் ஆசானை 'ஆசானே' என்பார். வெளியூர்க்காரர்கள் முதல் நாள் கொஞ்சம் குழம்பித்தான் போவார்கள்.

தஸ்நேவிஸ் எஞ்சின் படிக்க வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்கு முன் இருபது வருடமாக ஃபைபர் வேலை. பாறையில் இடித்துக் கிழிந்த வள்ளத்தை அவரிடம் கொண்டுவந்து போட்டால், கண்ணாடி இழையை விரித்து, ரெசினை ஊற்றி, தேய்த்து, ஒட்டிக் கொடுப்பார். தடவிப் பார்த்தாலும் பழசு எது, புதுசு எது என்று விரலுக்குத் தெரியாது. 'தஸ்நேவிஸ் ஒட்டு' என்று கரை முழுக்கப் பேர். அந்தப் பேரைத் தவிர மனிதருக்கு வேறு சொத்து கிடையாது. அது காதில் விழும்போதெல்லாம் நெஞ்சு கொஞ்சம் நிமிரும். நிமிரட்டுமே, உழைத்துச் சம்பாதித்த பேர்தானே.

ஒரு திங்கட்கிழமை கஸ்பார் தன் வள்ளத்தைக் கரையேற்றிக் கொண்டுவந்து பட்டறை முன்னால் கவிழ்த்துப் போட்டான். விடிவெள்ளி என்று பேர். பதினாலு வருடத்துப் பழைய ஃபைபர் வள்ளம்.

"பதினொரு மைல் ஓடுன வள்ளம் அண்ணாச்சி. இப்ப எட்டத் தாண்ட மாட்டேங்கு. மூக்கு தண்ணிக்குள்ள குத்திக்கிட்டே போகுது. எல்லாரும் மீன வித்துட்டு, குளிச்சு, சோறு தின்னப்புறம் நான் கரை சேருதேன்."

"எவ்வளவு நாளா?" என்று கேட்டார் தஸ்நேவிஸ்.

"ரெண்டு வருசமா கொஞ்சம் கொஞ்சமா. ஞாயித்துக்கிழமைக்குள்ள என்னன்னு தெரியலன்னா உடச்சுப் போட்டுட்டு விசைப்படகுல கூலிக்குப் போயிருவேன்."

ஆசான் வள்ளத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"அண்ணாச்சி, இத நீரே பாரும்," என்றார்.

ஆசான் வாயால் வந்த சொல்! தஸ்நேவிஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு வள்ளம் முழுக்க முழுக்க அவர் பொறுப்பு.

பெட்ரோல் குழாயை ஊதிப் பார்த்தார். வடிகட்டியை மாற்றினார். பிளக்கைக் கழற்றித் துடைத்தார். கம்ப்ரஷன் பார்த்தார், இறங்கவில்லை. புரொப்பல்லர் மடல் மூன்றையும் அளந்தார், தேயவில்லை. கடைசியில் கஸ்பாரின் எஞ்சினைப் பக்கத்து வள்ளத்தில் மாட்டி ஓட்டச் சொன்னார். பக்கத்து வள்ளம் பறந்தது. விடிவெள்ளியை நிமிர்த்திக் கடலில் இறக்கி, பக்கத்து வள்ளத்து எஞ்சினை அதில் மாட்டினார். அது பழையபடி எட்டு மைலைத் தாண்டாமல் முக்கிமுனகியது.

எஞ்சின் மேல் குற்றமில்லை என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. வள்ளத்தை மறுபடி கவிழ்த்து, அடிப்பாகத்தில் பாசி இருக்கிறதா, சிப்பி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. உள்ளே தண்ணீர் கோத்துக் கனத்துவிட்டதோ என்று தட்டித் தட்டிக் கேட்டார். அதுவும் இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் ஆசானிடம் போய் நின்றார்.

"கண்டுபிடிச்சிட்டேன் ஆசானே."

"என்ன?"

"வயசு. வள்ளத்துக்கு வயசாயிட்டு."

"உமக்கும்தான் வயசாயிட்டு. என்னைவிட வேகமாத்தான நடக்கீரு?"

தஸ்நேவிஸுக்குச் சுருக்கென்றது. ஆசான் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து நீட்டினார்.

"பாத்த இடத்துல எல்லாம் ஒரு கோடு போட்டுட்டு வாரும்."

இது என்ன பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேலை என்று தஸ்நேவிஸுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் போட்டார். எஞ்சினில், குழாயில், டாங்கியில், பக்கப் பலகையில், அடிப்பாகத்தின் நீளம் முழுக்க வரிசையாகப் போட்டுக்கொண்டே போனார். அரை மணி நேரத்தில் விடிவெள்ளி வரிக்குதிரை ஆகிவிட்டது.

ஆசான் வந்து பார்த்தார். அடிப்பாகத்தில் பின்பக்கம், எஞ்சின் மாட்டும் இடத்தை ஒட்டி, ஒரு பாய் அகலத்துக்குக் கோடே இல்லை. பளபளவென்று கிடந்தது.

"இங்க போடலியே?"

"அது நான் ஒட்டுனது ஆசானே. மூணு வருசத்துக்கு முன்னால துறைமுகக் கல்லுல அடிச்சுக் கொண்டுவந்தான். ரெண்டு அடுக்கு போதும், நம்ம கஸ்பார்னு நாலு அடுக்கு போட்டேன்."

"ஓகோ."

"அதுல பாக்க என்ன இருக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? ஒட்டுனது நீரு." ஆசான் டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

தஸ்நேவிஸ் வலை பின்னுகிற நைலான் நரம்பு ஒன்றை எடுத்தார். ஒரு முனையை வள்ளத்தின் பின்விளிம்பில் கட்டினார். மறுமுனையை நடு அடிப்பாகம் வரை இழுத்து விறைப்பாகப் பிடித்தார். நரம்பு அவருடைய ஒட்டில் உட்கார்ந்தது. அதைத் தாண்டியதும் அடிப்பாகத்தைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. இடைவெளியில் விரலை விட்டார். இரண்டு விரல் போயிற்று.

அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நாலு அடுக்கு ஒட்டு கல் மாதிரி அசையாமல் நிற்கிறது. அதற்கு முன்னால் இருக்கும் பழைய ஃபைபர் ஒவ்வொரு அலைக்கும் வளைந்து வளைந்து, தளர்ந்து, உள்வாங்கிவிட்டது. ஓடும்போது தண்ணீர் அந்தக் குழியில் புகுந்து, மேடான ஒட்டில் மோதிப் பின்பக்கத்தைத் தூக்குகிறது. பின்பக்கம் தூக்கினால் மூக்கு குத்தத்தானே செய்யும்?

கஸ்பாருக்காகப் பாசத்தோடு போட்ட இரண்டு அடுக்கு. முகத்தில் ஈயாடவில்லை மனிதருக்கு.

இதை யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்பதும் அப்போதே தோன்றிவிட்டது. பழைய வள்ளம், அடி தளர்ந்துவிட்டது, சரிபண்ணித் தருகிறேன் என்றால் கஸ்பார் கையெடுத்துக் கும்பிடுவான். பொய்யும் இல்லை. தளர்ந்தது உண்மைதானே.

வியாழக்கிழமை காலையில் கஸ்பார் தன் ஆட்கள் மூன்று பேரோடு வந்தான். வலைக் கிழிசல் பொத்திக்கொண்டிருந்தவர்களும் வேடிக்கை பார்க்க எழுந்து வந்துவிட்டார்கள்.

"என்ன அண்ணாச்சி, உடச்சிரலாமா?"

"வேண்டாம். அடிப்பாகம் குழிவிழுந்திருக்கு."

"வயசாயிட்டுல்லா?"

எவ்வளவு வசதியாக எடுத்துக் கொடுக்கிறான் பாருங்கள்! தஸ்நேவிஸ் 'ஆமா' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆசான் பட்டறைக்குள் ஏதோ ஒரு கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை.

"வயசு இல்ல," என்றார் தஸ்நேவிஸ். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மறுபடி சொன்னார். "வயசு இல்லவே இல்ல. என் ஒட்டு. ரெண்டு அடுக்கு போடவேண்டிய இடத்துல நாலு போட்டேன். அதான் உன் வள்ளத்த இழுத்துப் பிடிச்சிருக்கு."

கஸ்பார் குனிந்து அந்த ஒட்டைத் தடவிப் பார்த்தான்.

"ரெண்டு வருசமா எஞ்சின ஏசுனேன்," என்றான் கஸ்பார். "பெட்ரோல் பங்க்காரன ஏசுனேன். என் மச்சான் கனமா இருக்கான்னு அவன வள்ளத்த விட்டே இறக்கிவிட்டேன் அண்ணாச்சி!"

யாரோ ஒருவன் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டான். அதைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். தஸ்நேவிஸ் சிரிக்கவில்லை. கிரைண்டரை எடுத்துவந்து, வெயிலில் முழங்கால் போட்டு, தன் கையால் ஒட்டியதைத் தன் கையாலேயே அறுத்தார். மேல் அடுக்கு இரண்டையும் உரித்தார். குழிவிழுந்த இடத்தை உள்ளிருந்து முட்டுக் கொடுத்து நிமிர்த்தி, நீளவாக்கில் எலும்பு மாதிரி தாங்குசட்டம் வைத்து, அளவாக அடுக்கு போட்டார். ஒவ்வொரு அடுக்குக்கும் நரம்பு பிடித்துப் பார்த்தார். மூன்று நாள் வேறு வேலை தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே கரைக்கு வந்துவிட்டது. விடிவெள்ளி அலையைத் தாண்டியது. கஸ்பார் முழு வேகம் கொடுத்தான். மூக்கு மெல்ல எழும்பியது. பிறகு தண்ணீரை வழித்துக்கொண்டு போனது பாருங்கள், கரையிலிருந்தவர்கள் வாய்விட்டுக் கத்தினார்கள்.

"பதினொண்ணே கால்!" என்று கடலிலிருந்து கஸ்பார் கூவினான். பக்கத்தில் அவன் மச்சான் துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

தஸ்நேவிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருடத்தில் எத்தனையோ வள்ளம் ஒட்டியிருக்கிறார். இவ்வளவு பெருமையாக ஒருநாளும் இருந்ததில்லை. அந்தப் பெருமையில் நிமிர்ந்து நின்றபோதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. பக்கத்தில் நின்ற ஆசானைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆசானே, உங்களுக்கு முதல் நாளே தெரியும்."

"தெரியும்."

"என் காதோட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே? ஒருநாள்ல சரிபண்ணியிருப்பேனே."

ஆசான் கடலையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பண்ணியிருப்பீரு. கஸ்பார்ட்ட சொல்லியிருக்க மாட்டீரு."