கீறுனவன விரட்டுன ஊர்

எகிப்துன்னு ஒரு தேசம். அங்க ஆத்தங்கரையில ஒரு ஊர்ல ஒரு கீறுக்காரன் இருந்தான். பேரு பாசேர். எதக் கீறுவான்னு கேளேன். பொணத்த! பயப்படாத, ஒட்டிப் படு.

அங்கல்லாம் செத்தவங்கள அப்படியே பொதைக்க மாட்டாங்க. கல்லுக் கத்தியால விலாவுல சர்ருனு கீறி, குடல எடுத்து, உப்புல காயப்போட்டு, துணி சுத்தி வெப்பாங்க. அப்பதான் மேலுலகத்துல அதே ஒடம்போட எந்திரிப்பாங்களாம். ம் சொல்லு.

"ம்."

அப்புறம் பாரு அநியாயத்த. அவனக் கூப்பிடுறதும் அவங்கதான். கீறி முடிச்சதும், "எங்க ஆளையா காயப்படுத்துன?"ன்னு கல்லெடுத்து விரட்டுறதும் அவங்கதான். அதுதான் மொறையாம்! விரட்ட ஆளில்லாட்டி அது அநாதப் பொணமாம்.

மொதல்ல ஒரு குயவன் செத்தான். மகனுங்க கல்ல மேல படாம ஓரமாப் போட்டாங்க, தொப்பு தொப்புன்னு. பாசேர் ஓடிட்டான். அப்புறம் ஒரு பெரிய நெலத்துக்காரன் செத்தான். அவன் மகன் ஊர் மெச்சணும்னு குறிபாத்து எறிஞ்சான். மடேர்! பாசேருக்குத் தோள் கிழிஞ்சுது. "அப்பன் மேல எம்புட்டுப் பாசம்!"னு ஊரே உருகுச்சு. தூ!

மூணாவதா, பாசேரோட பொண்டாட்டியே செத்துட்டா.

வேற யாரு கீறுவா? அழுதுக்கிட்டே அவனே கீறுனான். ஊரே வேடிக்க பாக்க நிக்குது. அவன விட்டா அவளுக்குச் சொந்தம்னு இருந்தது ஒரே மக, மெரித். உன் வயசுதான். அவ கையில கல்லக் குடுத்து, "எறி கண்ணு. நீ எறியலேன்னா அம்மா அநாதையாப் போயிடுவா"ன்னான்.

"மாட்டேம்ப்பா. நீயே அழுவுற."

அவன் என்ன பண்ணுவான்? புருசனும் சொந்தம்தானேன்னு, அந்தக் கல்ல வாங்கித் தன் நெத்தியிலயே ணங்குன்னு அடிச்சுக்கிட்டான். அப்புறம் கீறுனவனா ஓடுனான், தபதபன்னு.

"அப்பா! அப்பா!"ன்னு பின்னாடியே ஓடுனா மெரித். அவன் கையப் புடிக்கத்தான் ஓடுனா. ஊருக்கு அது தெரியல. "ஆகா, பொண்ணு விரட்டுறா பாரு! பாவம், சின்னப் புள்ள"ன்னு ஒத்தாசைக்கு ஆளாளுக்குக் கல்லெடுத்தாங்க. மடேர், மடேர், மடேர்.

"செத்துட்டானா பெரியம்மா?"

இல்லடி. மகள வாரி இடுப்புல வெச்சுக்கிட்டு, முதுகெல்லாம் ரத்தத்தோட ஆத்தத் தாண்டிப் போயிட்டான். திரும்பி வரவே இல்ல. அப்புறம் ஊர்ல அடுத்த சாவு விழுந்துச்சு. "நீ கீறு, நீ கீறு"ன்னு ஒருத்தர ஒருத்தர் தள்ளுனாங்க. ஒரு பய கத்தியத் தொடல. கல்லு எப்படி வலிக்கும்னு அத்தன பேருக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு.

அவ்வளவுதான் கதை. கண்ண மூடு.