முகமூடிக்கு முன்னால் போகும் சுரைக்குடுக்கை

முதலைகள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம் அது. மற்ற மிருகங்களும் பேசின, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முதலை பேசியதால்தான் இந்தக் கதையே நடந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில், மோவா ஆற்றங்கரையில், மெண்டே ஜனங்கள் வாழ்ந்த ஜோவாமா என்ற ஊரில். நிஜமா பொய்யா என்று என்னைப் பிடித்து உலுக்காதீர்கள். காதில் விழுந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அந்த ஊரில் அறுவடை முடிந்ததும் முகமூடி ஆடும். முகமூடி என்றால் விளையாட்டுச் சாமான் இல்லை. பெரிய மரக்கட்டையைக் குடைந்து, தலை முழுக்கக் கவிழ்கிற மாதிரி செய்தது. கழுத்திலிருந்து பாதம் வரை சிவப்புச் சாயம் ஏற்றிய பனைநார் தொங்கும். அதைப் போட்டுக்கொண்டவன் அன்றைக்கு மனிதன் இல்லை, காட்டு ஆவி. ஆவிக்குத் தெரியாத வழி உண்டா? அதனால் அதற்கு யாரும் வழி சொல்லக் கூடாது. முகமூடியோடு பேசிய நாக்குக்கு ஊரில் இடமில்லை என்பது சட்டம். பேசியவரைக் காட்டுக்குத் துரத்திவிடுவார்கள். பெண்கள் எல்லாருக்கும் பின்னால், வேலியோரம் நிற்க வேண்டும்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. முகமூடியின் கண் துளை புல் நுழைகிற அளவுதான். உள்ளே இருப்பவனுக்குத் தன் கால் கட்டைவிரல் தெரிந்தாலே பெரிய விஷயம். ஆடுகிற மைதானமோ ஆற்றைப் பார்த்துச் சரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் போக்காரி என்ற பையன் ஆடிக்கொண்டே ஆற்றுக்குள் போனான், திரும்பவில்லை. போன வருஷம் மோமோவும் அப்படியே போனான். "ஆவி வீட்டுக்குப் போய்விட்டது, சந்தோஷப்படுங்கள்" என்றார் லஹாய். அவர்தான் முகமூடிக்குப் பொறுப்பானவர். பெற்றவர்கள் அழக் கூடாதாம், அழுதால் ஆவிக்கு அவமானமாம். இரண்டு தாய்மார்களும் வாயில் துணியைத் திணித்துக்கொண்டு ஊரோடு சேர்ந்து கை தட்டினார்கள். என்ன கொடுமை பாருங்கள்.

இந்த வருஷம் ஆட வாண்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். வாண்டிக்கு இருந்தது ஒரே அக்கா, கெமா. தாயில்லாத பிள்ளையை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்கள் தம்பிதான் இந்த வருஷம்" என்று கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொன்னாள்.

விழாவன்று காலை கெமா கைவலையோடு ஆற்றில் இறங்கினாள். அந்த ஊரில் மீன் பிடிப்பது பெண்கள் வேலை. வலையின் முடிச்சுகளில் காய்ந்த காட்டுக்கொட்டைகள் கட்டியிருக்கும். வலையை உலுக்கினால் அவை சடசடக்கும், மீன் மிரண்டு ஓடிவந்து மாட்டிக்கொள்ளும். பிடித்த மீனைப் போட ஒரு சுரைக்குடுக்கை.

மணல்திட்டில் படுத்திருந்த முதலை தலையைத் தூக்கியது. "கெமா, கொஞ்சம் வந்து என் பல்லைப் பாரேன். ஒரு வருஷமாக ஏதோ சிக்கிக்கொண்டு உயிரை வாங்குகிறது."

"நான் வந்தால் நீ என் உயிரை வாங்குவாய்."

"சீச்சீ. இன்றைக்கு எனக்கு விருந்து இருக்கிறது. இப்போது எதையாவது தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்வேனா?"

கெமா எட்ட நின்று ஒரு நீளக் குச்சியால் நெம்பினாள். குச்சி நுனியில் ஒரு கொத்து நார் வந்தது. சிவப்புச் சாயம் ஏற்றிய பனைநார்.

"அப்பாடா" என்றது முதலை. "உங்கள் ஊர் மாதிரி வராது. வருஷத்துக்கு ஒரு ஆளை அலங்காரம் பண்ணி, மேளம் கொட்டி, என் வாய்க்கே அனுப்பி வைக்கிறீர்கள். இந்த நார் ஒன்றுதான் தொந்தரவு. நார் இல்லாமல் அனுப்பச் சொல்லேன்."

கெமா நாரைக் கையில் சுருட்டிக்கொண்டாள். காலியான குடுக்கையின்மேல் வலையை வாரிப் போட்டுக்கொண்டு லஹாயிடம் ஓடினாள். நாரைக் காட்டி நடந்ததைச் சொன்னாள்.

லஹாய் நாரை வாங்கிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டமே. "இரண்டு பிள்ளைகளை நான்தான் அனுப்பினேன், கெமா. முதலை தின்றது என்றால் அந்தத் தாய்மார்களின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?" என்றார். பிறகு நாரைக் கீழே போட்டுவிட்டுக் குரலை மாற்றிக்கொண்டார். "முதலை பேச்சைக் கேட்டு ஆவியைச் சந்தேகப்படாதே. போய் வேலியோரம் நில்."

வாண்டியிடம் சொல்லலாம் என்றால் அவன் மூன்று நாளாக ஆண்களின் தோப்புக்குள் இருந்தான். பெண் வாடை அங்கே படக் கூடாது. கெமா தோப்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒரு வழியும் தெரியவில்லை. அதற்குள் மேளம் ஆரம்பித்துவிட்டது.

முகமூடி வந்தது. அடேயப்பா, என்ன ஆட்டம் அது. நார் சுழல, புழுதி பறக்க, தரையில் கால் பாவாமல் ஆடினான் வாண்டி. ஊரே வாய் பிளந்து நின்றது. ஒவ்வொரு சுற்றுக்கும் சரிவு அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுப் பக்கம் இழுத்தது. தண்ணீருக்குப் பத்தடி. எட்டடி. மேளக்காரர்கள் பயபக்தியோடு மேளத்தை நிறுத்தினார்கள். ஆண்கள் தலை குனிந்தார்கள். ஆவி வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டது என்று நினைத்தார்கள். தண்ணீரில் இரண்டு கண்கள் மிதந்தன.

கெமா வேலியைத் தாண்டினாள். ஆண்கள் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினாள். கத்தலாம் என்று வாய் திறந்தாள், குரல் வரவில்லை. சட்டத்துக்குப் பயந்து இல்லை, ஓடியதில் மூச்சு வாங்கியது. ஆனால் அவள் ஓடிய ஓட்டத்தில் இடுப்பிலிருந்த குடுக்கையின்மேல் வலைக் கொட்டைகள் அடித்துக்கொண்டன. சலக், சலக், சலக்.

முகமூடியின் தலை திரும்பியது.

அந்தச் சத்தம் வாண்டிக்குத் தெரியும். அக்கா ஆற்றிலிருந்து மீனோடு வரும் சத்தம். சின்ன வயசில் எந்த மூலையில் விளையாடிக்கொண்டிருந்தாலும் அதைக் கேட்டதும் ஓடி வருவான். இப்போதும் கால் தானாகத் திரும்பியது. கெமா இரண்டு கையாலும் குடுக்கையைப் பிடித்து உலுக்கிக்கொண்டே மேட்டுப் பக்கம் பின்வாங்கினாள். சலக் சலக் என்று அவள் போக, ஒவ்வொரு அடியாக அவன் வந்தான்.

தண்ணீர் வெடித்தது. முதலை பாய்ந்து கவ்வியது. ஒரே ஒரு அடியில் குறி தவறி, நார் மட்டும் வாயில் மாட்டியது. வாண்டி எகிறிக் குதித்தான், தொங்கிய நாரில் பாதி பிய்ந்து முதலையோடு போயிற்று.

முதலைக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வாய் நிறைய நாரோடு கரையைப் பார்த்துக் கத்தியது. "என்ன லஹாய், இது நியாயமா? போக்காரி வந்தான், மோமோ வந்தான், இரண்டு வருஷம் ஒழுங்காக அனுப்பினாய். இப்போது பாதி வழியில் திருப்பிக்கொள்கிறாயே?"

ஊர் மொத்தமும் கேட்டது.

வேலியோரத்திலிருந்து ஒரு அழுகை கிளம்பியது. மோமோவின் தாய் யேவா. கூடவே போக்காரியின் தாயும். அடக்கி வைத்த அத்தனை அழுகையும் வெளியே வர, இருவரும் மண்ணில் விழுந்து புரண்டார்கள். அழாதே என்று சொல்ல அன்றைக்கு யாருக்கும் வாய் வரவில்லை. மற்றப் பெண்களும் உட்கார்ந்து அவர்களைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

லஹாய் தடுமாறித் தடுமாறிப் பேசினார். "ஆனாலும் சட்டம் சட்டம்தான். கெமா முகமூடியோடு பேசிவிட்டாள்."

"நான் ஒரு வார்த்தை பேசினேனா? யாராவது கேட்டீர்களா?" என்றாள் கெமா. மூச்சு இன்னும் இரைத்துக்கொண்டிருந்தது. "சத்தம் போட்டது குடுக்கை. அதற்கு நாக்கு இருந்தால் அறுத்துக்கொள்ளுங்கள்."

யேவா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். அதுவரை லஹாயிடம் மரியாதை இல்லாமல் பேசாதவள் நேராகக் கேட்டாள். "அடுத்த வருஷம் உன் மகன் முறை, லஹாய். அவனுக்குக் குடுக்கை வேண்டுமா, வேண்டாமா? நீயே சொல்."

லஹாய் கூட்டத்தைக் கலைந்து போகச் சொன்னார். கெமாவைத் துரத்தவில்லை.

அடுத்த அறுவடை வந்தது. மேளம் முழங்கியது. முகமூடி மைதானத்தில் வந்து நின்றது. லஹாய் ஆண்கள் கூட்டத்தைக் கடந்து வேலியோரம் வரைக்கும் தனியாக நடந்து வந்தார். அவர் கையில் ஒரு சுரைக்குடுக்கை, அதன்மேல் கொட்டைகள் கட்டிய வலை. அதைக் கெமாவின் முன்னால் நீட்டினார். ஆவி என்று அவர் வாயில் வரவில்லை.

"கெமா, உள்ளே இருப்பது என் பிள்ளை" என்றார்.

கெமா குடுக்கையை வாங்கிக்கொண்டு எல்லா ஆண்களுக்கும் முன்னால் போய் நின்றாள். அன்றைக்கு அவள் எடுத்து வைத்த அடியிலிருந்துதான், எவ்வளவு பெரிய முகமூடியாக இருந்தாலும் சரி, வலை போர்த்திய சுரைக்குடுக்கையோடு ஒரு பெண் முன்னால் நடக்காதவரை அந்த ஊரில் அது காலைத் தூக்குவதே இல்லை.