சங்கத் தலைவரின் லேப்டாப்

அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத் தலைவர் ஞானசம்பந்தம் கூட்டம் போட்டிருந்தார். வாசலில் இஸ்திரி போடும் செங்கமலம் பொதுக் கரண்ட்டில் ஒரு பல்பு எரிக்கிறாளாம். அது திருட்டாம், அவளைக் காலி பண்ண வேண்டுமாம். ஆதார வீடியோவைத் திரையில் காட்டப் போனால் லேப்டாப்பில் நெட் வரவில்லை. அணைத்துப் போட்டும் வரவில்லை. கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. தலைவரின் எரிச்சல் ஓரமாக நின்றிருந்த செங்கமலத்தின் மேல் பாய்ந்தது.

“என்ன வேடிக்கை? முடிஞ்சா நீ நெட்டை வரவழைச்சுக் காட்டு, அப்புறம் இங்கேயே இருந்துக்கோ!”

செங்கமலம் பின்வரிசையைப் பார்த்தாள்.

“நூர்ஜகான் டீச்சரம்மா, வீட்ல வைஃபை பெட்டியை அணைச்சுட்டு வந்துட்டீங்களா? கொஞ்சம் போட்டுட்டு வாங்களேன். நீங்க ஊருக்குப் போனா நெட் வராதுன்னு தலைவர் வீட்டம்மா அலுத்துக்குவாங்க.”

டீச்சர் மேலே தன் வீட்டுக்குப் போனார். சற்று நேரத்தில் லேப்டாப் தானாக இணைந்தது. ‘நூர்ஜகான் இல்லம்’ என்று திரையில் பெரிதாகத் தெரிந்தது.

ஞானசம்பந்தத்துக்கு உடம்பு கூசியது. பேரன் பரீட்சைக்கென்று ஒரே ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிய பாஸ்வேர்ட் அது. இப்போது பேரன் வேலைக்கே போகிறான்.

“செங்கமலம் இருக்கட்டும்” என்றார், தலையைக் குனிந்தபடி.

அதற்குள் டீச்சர் மூச்சிரைக்க இறங்கி வந்தார். “வந்துடுச்சா சார்?” என்று அக்கறையாகக் கேட்டார்.