சல்லடை வலை

கேளுங்க பிள்ளைகளா, பெரியவங்களும் கேளுங்க. பாய்மரக் கப்பல் ஓடின அந்தக் காலத்தில், கடலோரம் ஒரு மீனவர் ஊர் இருந்தது.

அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு. புதுவலை கடலுக்குப் போகுமுன் வீட்டுக்காரி அதன் கண்ணில் மூன்று விரலை விட்டுப் பார்ப்பாள். விரல் நுழைந்தால் வலை கடலுக்கு. நுழையாவிட்டால் அடுப்புக்கு. குஞ்சு மீன் தப்பிப் போகவேண்டும், அவ்வளவுதான்.

அக்கரையிலிருந்து ஒரு வணிகன் கப்பலில் வந்தான். தன் தென்னந்தோப்புகளுக்கு உரமாகப் போட மீன் வேண்டுமாம். பொடிமீனானாலும் சரியாம். மூட்டை மீனுக்கு மூட்டை நெல் என்றான். நெருக்கமான வலையையும் அவனே கொடுத்தான்.

அஞ்சப்பன் என்கிற மீனவன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவன் மனைவி செம்பாயி விரலை வைத்தாள். நகம்கூட நுழையவில்லை.

"இது வலையா, மாவு சலிக்கிற சல்லடையா?"

"உன் விரல்தான் தடிச்சுப்போச்சு. நெல்லுச்சோறு தின்னா இன்னும் தடிக்கும், பாரேன்!"

ஊரே சிரித்தது. வீட்டுக்கு வீடு அந்த வலை கடலுக்குப் போனது.

முதல் வருசம் ஆள் நீளத்து மீன் வந்தது. மறு வருசம் விரல் நீளத்து மீன் வந்தது. மூன்றாம் வருசம் கண் மட்டும் முளைத்த குஞ்சு வந்தது. அதையும் உரத்துக்கு அனுப்பினார்கள். அப்புறம் வலையில் தண்ணீர்தான் வந்தது.

கடற்பறவைகள் ஊரைவிட்டுப் போயின. கப்பலும் வரவில்லை. மீன் இல்லாத ஊரில் வணிகனுக்கு என்ன வேலை? பானைகள் கவிழ்ந்தன. பிள்ளைகள் அழுதார்கள். பிறகு அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தார்கள். அந்த அமைதிதான் பயங்கரம்.

கடல்நீர் ஏறி இறங்கும் ஒரே ஒரு உப்பங்கழியில் மட்டும் குஞ்சுகள் மிச்சமிருந்தன. அலையாத்தி மரங்களின் வேரில் வலை சிக்கும் என்று அங்கே யாரும் போனதில்லை. இப்போது வேரை வெட்ட அரிவாளும் குஞ்சை அள்ள வலையுமாக ஆண்கள் இறங்கினார்கள். முன்னால் அஞ்சப்பன்.

செம்பாயி துவண்டுபோன மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு கழியின் வாயில் நின்றாள்.

"விலகு புள்ள. இவனுக்குத்தானே பிடிக்கிறேன்?"

"இன்னைக்குக் கஞ்சிக்குப் பிடிப்ப. நாளைக்கு?"

"நாளைக்கு இவன் இருக்கணுமே, செம்பாயி!"

அவள் மகனை இறுக்கிக்கொண்டாள். "எனக்கும் அந்தப் பயந்தான்யா. ஆனா இதுவும் போயிட்டா எந்த வீட்டுப் பிள்ளைக்கும் நாளைக்குன்னு ஒண்ணு கிடையாது. இழுக்கிறதுன்னா எங்களையும் சேர்த்து இழு."

அஞ்சப்பன் கையிலிருந்து வலைக்கயிறு நழுவியது. யாரும் அதை எடுக்கவில்லை.

நண்டைத் தின்றார்கள். உமரிக்கீரையைத் தின்றார்கள். முறைபோட்டுக் கழியைக் காத்தார்கள். பக்கத்தில் நிற்பவன் வலை வீசிவிடுவானோ என்று பயம். அதைவிடத் தன் கையைக் கண்டே பயம்.

மழைக்காலத்தில் குஞ்சுகள் பெருத்துக் கடலுக்குப் போயின. மீன் திரும்பியது. செம்பாயியின் மகன் பிழைத்தான். அடுத்த வீட்டுப் பிள்ளை அதுவரை இருக்கவில்லை.

நாளைய மீனைக் குஞ்சிலேயே அள்ளி விற்கிற ஊர், தன் பிள்ளைகளின் சோற்றைத்தான் விற்கிறது.