பின் பிரேக்கில் காற்று

“அவன் இருக்கணுமா, நான் இருக்கணுமா? இன்னைக்கே சொல்லிடுங்கம்மா.”

நல்லதம்பி இதைக் கேட்டபோது காலை ஏழேகால். பேருந்து நிலையத்தில் முப்பத்தொரு வருடம் நேரக் காப்பாளராக இருந்தவர் அவர். எதைச் செய்தாலும் ஒருமுறை மணி பார்த்துவிடுவார். வயது அறுபத்திரண்டு. மனைவி போன பிறகு, மலைமேல் உண்ணாமுலை அம்மாவின் ஆசிரம வீட்டுக்கு வந்து பதினோரு மாதம் ஆகிறது. அம்மாவுக்கு நாற்பத்தொன்றுதான். ஆனாலும் அவர் முன்னால் நல்லதம்பி ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. இன்று உட்கார்ந்தார்.

“யாரு, மணியா?” என்றார் அம்மா.

“மாசிலாமணியேதான். மூணு மாசத்துல இருபத்தேழு தடவை என்னைக் கேலி பண்ணியிருக்கான்.”

“எண்ணினீங்களா?”

“தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன்.”

அம்மா சிரிக்கவில்லை. “கடைசியா என்ன சொன்னான்?”

முந்தின நாள் கூட்டுப் பிரார்த்தனையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த நல்லதம்பி, தன்னை மறந்து விம்மிவிட்டார். மனைவி இறந்து அன்றோடு ஒரு வருடம். அது யாருக்கும் தெரியாது. பக்கத்தில் இருந்த மாசிலாமணி, “டைம் கீப்பர் ஐயா ஹாரன் அடிச்சிட்டாரு, வண்டி கிளம்பப் போகுது, ஏறுங்க ஏறுங்க” என்றான். பதினான்கு பேர் சிரித்தார்கள். அதையும் எண்ணியிருந்தார்.

“அது எதுக்கும்மா இப்ப? அவனை அனுப்புங்க. இல்லேன்னா நான் போறேன். பெட்டி கட்டியாச்சு.”

“சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. சைக்கிள்ல பின் பிரேக் பிடிக்கலையாம். சரி பண்ணிக் கொடுங்க. பத்தரைக்கு மணி கீழே போகணும்.”

“அவன் போறதுக்கு நான் பிரேக் சரி பண்ணணுமா?”

“ஆமா.”

அம்மா எழுந்து போய்விட்டார்.

அந்த சைக்கிள் யாரோ அன்பர் கொடுத்தது. கம்பி இழுக்கும் பிரேக் இல்லை அதில், எண்ணெய் தள்ளும் பிரேக். லீவரை அழுத்தினால் மெல்லிய குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் போய், பிரேக் கட்டைகளைத் தள்ளிச் சக்கரத் தட்டைக் கவ்வ வைக்கும். குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால், அழுத்துகிற வலுவெல்லாம் அந்தக் காற்றை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். சக்கரம் பாட்டுக்கு ஓடும். முன் பிரேக்கின் குழாய் விண்டுபோய், புதிதுக்குச் சொல்லியிருந்தது. அதுவரை பின் பிரேக் ஒன்றுதான். கீழே ஊருக்குப் போகும் பாதையில் பதினேழு வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

நல்லதம்பி இதுவரை சைக்கிளுக்குக் காற்று அடித்திருக்கிறார். காற்றை எடுத்ததில்லை.

கொட்டகையில் சைக்கிளை நிறுத்தி, கருவிப் பெட்டியைத் திறந்தார். இரண்டு சிரிஞ்சு, ஒரு எண்ணெய்ப் புட்டி, ஒரு சிறிய கோப்பை. கூடவே ஒரு தாள். எழுத்து ஏதோ வெளிநாட்டுப் பாஷை, படம் மட்டும் புரிந்தது. மொத்தம் ஒன்பது படம். ஆறாவது படத்தில் இரண்டு ஆட்கள் இருந்தார்கள். ஒருவன் சக்கரத்தருகே குனிந்து சிரிஞ்சால் எண்ணெயை மேலே தள்ளுகிறான். இன்னொருவன் லீவரில் பொருத்திய கோப்பையில் குமிழி வருகிறதா என்று பார்த்துச் சொல்கிறான்.

நல்லதம்பி அந்தப் படம் தெரியாதபடி தாளை மடித்து வைத்துக்கொண்டார்.

கீழே குனிந்து தள்ளினார். மேலே கோப்பையில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. சிரிஞ்சைப் பிடித்தபடியே எக்கிப் பார்த்தார். பத்தொன்பது குமிழி. மறுபடி தள்ளி எக்கியபோது ஏழு. மூன்றாவது முறை எக்கும்போது சிரிஞ்சு நழுவி, டுபுக்கென்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. எண்ணெய் வேட்டியில் கொட்டியது. மறுபடி முதலிலிருந்து.

மாசிலாமணி கொட்டகை வாசலில் வந்து நின்றான். முப்பது வயது, வாய் சும்மா இருக்காது.

“ஊருக்கே பஸ் டைம் சொன்னவரு, ஒரு சைக்கிளுக்கு டைம் சொல்ல மாட்டேங்கிறீங்களே ஐயா. எப்ப ரெடியாகும்?”

“போடா அந்தப் பக்கம்.”

“மேல நான் பார்த்துச் சொல்லட்டுமா? நீங்க கீழேருந்து தள்ளுங்க.”

“சைக்கிளைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்.”

“இதுக்குத்தான் எண்ணெய் ரெண்டு புட்டி வாங்கணும்னேன். ஒண்ணு பிரேக்குக்கு, ஒண்ணு உங்க தலைக்கு.”

இருபத்தெட்டு என்று மனதுக்குள் எழுதினார் நல்லதம்பி.

நான்கு முறை ஆயிற்று. நான்கு முறையும் கடைசியில் காற்று உள்ளே போயிற்று. பத்து மணிக்கு எல்லாவற்றையும் துடைத்து, திருகி மூடி, லீவரை அழுத்தினார். அது கைப்பிடியைத் தொட்டது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

வந்த ஆத்திரத்தில் லீவரைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். மாசிலாமணியின் கழுத்தாக நினைத்து அழுத்தினார். பன்னிரண்டாவது அழுத்தலில் லீவர் விறைத்தது. சக்கரம் டக்கென்று நின்றது.

கையை எடுத்தார். சற்றுப் பொறுத்து அழுத்திப் பார்த்தார். பழையபடி மெத்தென்று இறங்கியது. விடாமல் அழுத்தினால் விறைப்பு வருகிறது. கொஞ்சம் விட்டால் போய்விடுகிறது. காற்று உள்ளேதான் இருக்கிறது.

பத்து இருபத்தெட்டுக்கு மாசிலாமணியின் காலடி கேட்டது. நல்லதம்பி லீவரைப் பன்னிரண்டு முறை வேகமாக அழுத்தினார். சைக்கிளை வெளியே தள்ளி வந்தார்.

“ஆச்சா ஐயா?”

“ஆச்சு.”

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ஆனால் வாய் மேலே பேசவில்லை.

மாசிலாமணி லீவரை அழுத்திப் பார்த்தான். “அடேங்கப்பா! கல்லு மாதிரி இருக்கு. சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரர்தான்.” பையை எடுத்துவர உள்ளே போனான்.

படியில் உட்கார்ந்து அம்மா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்து நல்லதம்பியை ஒருமுறை பார்த்தார். மறுபடி நார் உரித்தார்.

கொஞ்சம் பயப்படட்டுமே என்று நினைத்தார் நல்லதம்பி. முழங்கை சிராய்த்தால் வாய் அடங்கும். அவ்வளவுதானே. முதல் வளைவு வரை மேடு பள்ளம் இல்லை, அங்கே பிரேக் வேண்டியதில்லை. இரண்டாவதில்தான் இறக்கம் பிடிக்கும். அங்கேதான் லீவரைத் தொடுவான். இரண்டாவது வளைவில் பள்ளத்துப் பக்கத் தடுப்புச் சுவர் போன மழையிலேயே விழுந்துவிட்டது.

மாசிலாமணி பையை மாட்டிக்கொண்டு வந்தான். லீவரைத் தொடவில்லை. ஏறி மிதித்தான். “வரேம்மா! வரேன் டைம் கீப்பர் ஐயா, விசில் ஊதுங்க!”

சைக்கிள் முற்றத்துப் பலாமரத்தைச் சுற்றி, வெளி கேட் பக்கம் திரும்பியது.

“டேய்! நில்லுடா! நில்லுடா பாவி!”

அறுபத்திரண்டு வயதில் அப்படி ஓட முடியும் என்று நல்லதம்பிக்கே தெரியாது. பின்னாலிருந்து கேரியரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். சைக்கிளும் ஆளுமாக மாசிலாமணி மண்ணில் சாய்ந்தான்.

“என்னய்யா பைத்தியமா உமக்கு?”

“பிரேக்கை அழுத்துடா.”

“அதான் அப்பவே—”

“இப்ப அழுத்துடா!”

மாசிலாமணி அழுத்தினான். லீவர் கைப்பிடி வரை போய்த் தொட்டது. மறுபடி அழுத்தினான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த முகத்தை நல்லதம்பி அன்றுதான் பார்த்தார்.

“தெரிஞ்சேதான் கொடுத்தீரா?”

நல்லதம்பிக்கு மூச்சு இரைத்தது. “தெரிஞ்சேதான் கொடுத்தேன்.”

“எதுக்கு?”

“என் வீட்டுக்காரி செத்த நாளு நேத்து. அதுக்குத்தான்டா அழுதேன். நீ ஹாரன்னே.”

மாசிலாமணி வாயைத் திறந்தான். கோபம்தான் வந்தது. “அதுக்காக என்னைப் பள்ளத்துல தள்ளுவீரா? எனக்குத் தெரியுமாய்யா அது? ஒரு வார்த்தை சொன்னீரா? இந்த வீட்ல இனி ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன்.”

பையோடு விறுவிறுவென்று கேட்டுக்குப் போனான். தள்ளினான். அது திறக்கவில்லை. தாழ்ப்பாளில் பெரிய பூட்டு தொங்கியது.

“யாரு பூட்டினது?”

“நான்தான்,” என்றார் அம்மா. அவரைக்காய்ப் பாத்திரத்தோடு மரத்தடிக்கு வந்திருந்தார். “காலையில ஏழரைக்கு.”

ஏழேகாலுக்குத்தான் பேசினோம் என்பது நல்லதம்பியின் நினைவுக்கு வந்தது. அதுவரை ஓட்டத்தில் சிவந்திருந்த முகம் இப்போது வேறு மாதிரி சிவந்தது.

“அப்ப உங்களுக்குத் தெரியும்.”

“தெரியாது. பயம் இருந்தது.”

“பூட்டிட்டு, படியில உட்கார்ந்து அவரைக்காய் உரிச்சீங்க. எங்க ரெண்டு பேரையும் வேடிக்கை பார்த்தீங்க.” கையிலிருந்த எண்ணெயும் மண்ணும் வேட்டியில் அப்பிக்கொள்ள, அவர் கத்தினார். “அவன் எப்படியும் இந்தக் கேட்டைத் தாண்டியிருக்கப் போறதில்லை! இத்தனை வயசுல என்னை நாய் மாதிரி ஓட வச்சீங்களே. நான் ஓடினது, கத்தினது, எல்லாம் வீண்தானே? சொல்லுங்க!”

அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். மாசிலாமணியின் கையில் கொடுத்தார். பிறகு நல்லதம்பியிடம் திரும்பினார்.

“பூட்டியிருக்குன்னு தெரிஞ்சா ஓடினீங்க?”

நல்லதம்பி குனிந்து, மண்ணில் கிடந்த சைக்கிளை நிமிர்த்தினார். கையில் சாவியோடு நின்ற மாசிலாமணி பூட்டின் பக்கம் திரும்பவில்லை.