நகத்துக்கு எட்டாத புழு

மலைச்சரிவில் இருந்த ஒரு காட்டில் ஒரு காட்டுக்கோழி வாழ்ந்தது. எதையும் ஒரு தடவை கிளறிப் பார்த்தே முடிவு கட்டிவிடும் கோழி அது. இரண்டாம் தடவை கிளறுவது அதன் வழக்கத்தில் இல்லை.

ஆண்டுதோறும் அது ஓர் ஈச்சம்புதருக்கு அடியில் முட்டையிடும். மேயப் போகும்போது காலால் சருகுகளை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுப் போகும். அதே காட்டில் இருந்த ஒரு கீரி அந்த முட்டைகளைப் பல காலமாகத் தேடிக்கொண்டிருந்தது. காடு முழுக்கச் சருகு. எந்தச் சருகுக்கு அடியில் முட்டை இருக்கிறது என்று கீரிக்குத் தெரியவில்லை.

ஒரு கோடையில் கோழி மண்ணைக் கிளறியது. ஒரு புழுகூட அகப்படவில்லை.

"போச்சு. இந்தக் காட்டில் மண்புழு இனமே அழிந்துவிட்டது," என்றது கோழி. "மழை வந்ததும் முட்டையிட வேண்டும். பொரிக்கிற குஞ்சுகளுக்கு நான் எதை ஊட்டுவேன்?"

கோழிக்கு உண்மையாகவே கவலை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கீரி வந்தது. கோழி ஒரு கிளையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"பயப்படாதே அக்கா, நான் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்," என்றது கீரி. "அடிவாரத் தோட்டத்துப் பூந்தொட்டிகளில் கொழுத்த மண்புழுக்கள் இருக்கின்றன. நாலைந்தைக் கொண்டுவந்து இங்கே விடு. காடெல்லாம் பெருகிவிடும்."

"என் குஞ்சுகள்மேல் உனக்கு ஏன் தம்பி இவ்வளவு அக்கறை?"

"எனக்கும் அவற்றின்மேல் ஆசை உண்டு," என்றது கீரி.

கோழி அதை நல்ல வார்த்தையாக எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனது.

"எங்கள் காட்டுக்கு வருகிறீர்களா?" என்று தொட்டிப் புழுக்களைக் கேட்டது.

"எங்கே கூப்பிட்டாலும் வருவோம்," என்றது ஒரு தொட்டிப் புழு. "செடியோடு ஒட்டிய மண்ணில் இருந்தபடியே கப்பலேறி வந்தவர்கள் நாங்கள். கடல் கடந்த நாடுகளில் எல்லாம் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்."

"உங்களை என் குஞ்சுகளுக்கு ஊட்டத்தான் கூப்பிடுகிறேன். அதை மறைக்க விரும்பவில்லை."

"அதனால் என்ன? எங்களில் ஒன்று மிஞ்சினால் போதும், மறுபடியும் பெருகிவிடுவோம். நாங்களும் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. சருகு நிறையத் தின்போம்."

"தாராளமாகத் தின்னுங்கள். காட்டில் சருகுக்கா பஞ்சம்?"

கோழி அவற்றை மண்ணோடு கவ்விக்கொண்டு மலையேறியது. வழியில் பசித்ததால் ஒன்றை விழுங்கியது.

மழை வந்தது. தொட்டிப் புழுக்கள் சொன்னபடியே பெருகின. சொன்னபடியே தின்றன. கோழி நாள் முழுக்க அவற்றைக் கொத்தியும் குறையவில்லை. கோழிக்கு ஒரே பெருமை.

ஒரு நாள் ஈர மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு நீல மண்புழு வெளியே வந்தது. ஒரு முழ நீளம் இருந்தது.

"நீ சாகவில்லையா? இத்தனை நாள் எங்கே போயிருந்தாய்?" என்று கேட்டது கோழி.

"எங்கும் போகவில்லை. நீ கிளறிய இடத்துக்கு நேர் கீழேதான் சுருண்டு படுத்திருந்தேன். கோடையில் அதுதான் எங்கள் வழக்கம். எங்களில் சருகுக்கு அடியில் வாழ்பவர்கள் உண்டு. வேர்களுக்கு நடுவில் வாழ்பவர்கள் உண்டு. நான் ஆழத்தில் இருப்பவன். ஓடைக்கு அந்தக் கரையில் இருப்பவர்கள் வேறு இனம், அவர்களை நான் பார்த்ததே இல்லை."

"ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதானே?"

"எதற்கு?" என்றது நீலப் புழு. பிறகு சுற்றிலும் தடவிப் பார்த்தது. "இங்கே இருந்த சருகு எங்கே?"

"விருந்தாளிகள் தின்றுவிட்டார்கள். சருகு போனால் போகட்டும். புழு எவ்வளவு இருக்கிறது பார்."

நீலப் புழு மண்ணுக்குள் போய்விட்டது.

கோழி வழக்கம்போல ஈச்சம்புதருக்கு அடியில் முட்டையிட்டது. ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் புறப்படும்போது மூடுவதற்காகக் காலால் சருகை இழுத்தது. மண்தான் வந்தது. தன் வாழ்நாளிலேயே முதல் முறையாக இரண்டாம் தடவையும் கிளறியது. அப்போதும் மண்தான் வந்தது. தாகம் தாங்கவில்லை. சீக்கிரம் வந்துவிடலாம் என்று போனது.

திரும்பி வந்தபோது புதரடியில் கீரி மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் வெறும் ஓடுகள் கிடந்தன.

"என் முட்டைகளை எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்டது கோழி.

"தேடவே இல்லை அக்கா. அந்தப் பாறைமேல் படுத்திருந்தேன். அங்கிருந்தே பளிச்சென்று தெரிந்தன."

"என்னை ஏமாற்றிவிட்டாய்."

"புழு பெருகும் என்றேன். பெருகவில்லையா?" என்று கேட்டுவிட்டுக் கீரி போய்விட்டது.

கோழி ஓடுகளின் பக்கத்தில் நின்று அழுதது. அதன் காலடியில் கொழுத்த புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. ஊட்டுவதற்கு ஒரு குஞ்சுகூட இல்லை.

நீதி: நம் நகம் எட்டிய ஆழத்தோடு மண் முடிந்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது.